அபினியும் கீர்த்தியும்

பெரிய மனிதர் ஒருவர் கெட்டுப்போன கதையைக் கேட்பதில் நமக்கெல்லாம் ஒரு தனி ருசி இருக்கிறது. நடிகரோ, பாடகியோ, எழுத்தாளரோ போதை மருந்துக்கு அடிமையாகிவிட்டார் என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், அன்றைய காபி சற்றுக் கூடுதலாகவே இனிக்கிறது. "எவ்வளவு பேர், எவ்வளவு புகழ்! கடைசியில் பார்த்தீர்களா?" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அந்த அனுதாபத்துக்குள்ளே சின்னத் திருப்தி ஒன்றும் ஒளிந்துகொண்டிருக்கிறது. நமக்குப் புகழ் இல்லை. அதனால் அந்தக் கேடும் இல்லை.

இப்படிக் கேட்ட கதைகளிலிருந்துதான் போதைப் பழக்கத்தைப் பற்றிய நம்முடைய அபிப்பிராயங்கள் பெரும்பாலும் உருவாகின்றன. எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தால் நான்கு தேறும். ஒரு முறை தொட்டவன் தொலைந்தான் என்பது முதலாவது. பழக்கத்துக்கு ஆளானவன் எதற்கும் உதவாத மனிதன் என்பது இரண்டாவது. ஆனாலும் கலைஞர்களுக்கு மட்டும் அந்த மருந்து ஏதோ ஒரு மேதாவிலாசத்தைக் கொடுத்துவிடுகிறது என்பது மூன்றாவது. பிடித்து உள்ளே போட்டால் திருந்திவிடுவார்கள் என்பது நான்காவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஊர் அபிப்பிராயத்துக்குத் தர்க்க சாஸ்திரம் எதற்கு?

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், இந்தக் கதைகளின் மீது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவை மிக ஒழுங்காக முடிகின்றன. புகழ், போதை, வீழ்ச்சி என்று மூன்றே அத்தியாயம். வாழ்க்கை அவ்வளவு ஒழுங்கான கதாசிரியன் அல்ல. ஆகவே, பிரசித்தி பெற்ற சிலருடைய சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நிதானமாகப் பார்த்தால், நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

* * *

முதலில் அந்தக் கால இங்கிலாந்துக்குப் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அங்கே அபினி வாங்குவதற்கு வைத்தியரின் சீட்டு வேண்டியதில்லை. மருந்துக் கடையிலும், சில இடங்களில் மளிகைக் கடையிலும்கூடக் கிடைத்தது. அபினியைச் சாராயத்தில் கரைத்து உண்டாக்கிய 'லாடனம்' என்ற மருந்து, நம் வீடுகளில் ஓமத் தண்ணீர் இருப்பதைப் போல அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. பல் வலிக்கு அது; வயிற்றுப்போக்குக்கு அது; இருமலுக்கும் தூக்கமின்மைக்கும் அதுவே. அழுகிற குழந்தையைத் தூங்கவைக்க, அபினி கலந்த 'காட்பிரேஸ் கார்டியல்' என்ற சர்பத்தை ஆலைத் தொழிலாளிப் பெண்கள் புகட்டினார்கள். அதில் எழுந்திராமலே போன குழந்தைகளும் உண்டு. 1868-ல் வந்த ஒரு சட்டந்தான் அபினியை விஷப் பொருள்களின் ஜாபிதாவில் சேர்த்து, அதை மருந்து விற்பவர்கள் மட்டுமே விற்கலாம் என்று வைத்தது.

1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாக நம் சென்னைக்கு வந்து இறங்கி, 1751-ல் ஆர்க்காட்டில் முற்றுகையைத் தாங்கி நின்று பேர் வாங்கினாரே ராபர்ட் கிளைவ், அவரும் வயிற்று வலிக்காக நெடுங்காலம் அபினி சாப்பிட்டவர்தான். ஆக, தொட்டவர்களெல்லாம் தொலைவதாக இருந்தால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாதித் தேசம் தொலைந்திருக்க வேண்டும். தொலைந்தவர்கள் உண்டு, சந்தேகமில்லை. தொலையாதவர்கள் அதைவிட அதிகம்.

தொலையாதவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்போர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட மகான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். 1788-ல் அவருக்குக் குடலில் கடுமையான நோய் கண்டது. பிழைப்பாரா என்றே சந்தேகம். வைத்தியர்கள் அபினி கொடுத்தார்கள். பக்திமானாகிய அவர் முதலில் தயங்கினார், பிறகு சாப்பிட்டார். 1833-ல் இறக்கிற வரையில், அதாவது நாற்பத்தைந்து வருஷ காலம், தினமும் சாப்பிட்டார். கடைசி இருபது வருஷங்களில் அளவைக் கூட்டவே நேரவில்லை என்று அவருடைய புத்திரர்கள் எழுதிய சரித்திரம் சொல்கிறது. 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. 1833 ஜூலை 26-ம் தேதி, அடிமைத்தனத்தையே ஒழிக்கும் மசோதா காமன்ஸ் சபையில் தேறிவிட்டது என்ற சமாசாரம் அவருக்கு எட்டியது. 29-ம் தேதி கண்ணை மூடினார்.

இன்றைய பாஷையில் சொன்னால், அவரும் ஒரு 'போதை அடிமை'. அடிமைகளை விடுவித்த அடிமை! யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை வாசகர் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

* * *

அபினியைப் பற்றி உலகத்திலேயே பிரசித்தமான புத்தகத்தை எழுதியவர் தாமஸ் டி குவின்ஸி. 1821-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக வந்து, மறு வருஷம் புத்தகமாயிற்று. அபினி தின்ற ஆங்கிலேயன் ஒருவனின் வாக்குமூலம் அது.

1804-ல் அவர் ஆக்ஸ்போர்டில் மாணவர், வயது பத்தொன்பது. பல் வலியும் முக வலியுமாக இருபது நாள் அவஸ்தை. மழை பெய்து நசநசத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், சிநேகிதர் சொன்ன யோசனையின் பேரில், லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்த ஒரு மருந்துக் கடையில் லாடனம் வாங்கிக் குடித்தார். வலி போயிற்று. வலி போனதோடு ஒரு சொர்க்கமும் தெரிந்தது என்கிறார்.

ஊர் அபிப்பிராயத்தின்படி அந்த மாலையோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷ காலம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் சங்கீதக் கச்சேரிக்குப் போகிற சனிக்கிழமை இரவில், திட்டம் போட்டுக்கொண்டு சாப்பிட்டு வந்தார். நடுவில் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கல்யாண வீட்டில் மட்டும் வெற்றிலை போடுவதைப் போல!

பின்னே எப்போது பிடித்தது? 1812-ம் வருஷக் கோடையில், கவி வோர்ட்ஸ்வொர்த்தின் மகள் காத்தரின் இறந்து போனாள். நான்கு வயது நிறையாத குழந்தை. டி குவின்ஸிக்கு அவள் மீது உயிர். இரவில் அந்தக் குழந்தையின் சமாதியின் மேல் போய்ப் படுத்துக் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தத் துயரத்தோடு, இளமையில் பட்டினி கிடந்தபோது வந்த வயிற்று வலியும் 1813-ல் திரும்பி வந்தது. அந்த வருஷத்திலிருந்துதான் அபினி தினசரி ஆகாரமாயிற்று. அதன் உச்ச கட்டத்தில் நாளொன்றுக்கு 8,000 துளி லாடனம், அதாவது சுமார் 20 கிராம் அபினி, உள்ளே போயிற்று.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மனிதன் அதே மனிதன்; மருந்தும் அதே மருந்து. எட்டு வருஷம் வாசலிலே நின்ற விருந்தாளி, ஒரு குழந்தை செத்துப் போனபோது உள்ளே வந்து எஜமானனாக உட்கார்ந்துவிட்டது. கதவைத் திறந்தது துக்கம். துக்கத்தை விட்டுவிட்டு அபினியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், வழக்கில் பாதிதான் விசாரித்ததாகும்.

டி குவின்ஸி பிறகு பல தடவை அளவைக் குறைத்தார்; பல தடவை மீண்டும் விழுந்தார். பயங்கரமான கனவுகள், கடன், வறுமை எல்லாம் உண்டு. ஆனால் 1859 வரையில், எழுபத்துநான்கு வயது வரையில், ஜீவித்திருந்தார். அவர் எழுதியவற்றைத் திரட்டியபோது பதினான்கு தொகுதிகள் தேறின. எதற்கும் உதவாத மனிதன் செய்கிற வேலையா இது?

அவருடைய மூத்த சிநேகிதர் கோல்ரிட்ஜின் கதி வேறு. அவருடைய 'குப்ளா கான்' கவிதையை, அபினி மயக்கத்தில் கண்ட கனவு என்று அவரே முன்னுரையில் சொல்லி வைத்தார். அன்று முதல் இன்று வரை, போதையில்தான் கவிதை பிறக்கும் என்பவர்களுக்கு அது ஒரு சாசனமாக இருந்து வருகிறது. தேதிகளைப் பார்த்தால் சாசனம் கிழிந்துவிடுகிறது. அவருடைய தலைசிறந்த கவிதைகளெல்லாம் 1797, 1798 வருஷங்களை ஒட்டி எழுதியவை. அபினி அப்போது அவரிடம் இடையிடையே வந்து போய்க்கொண்டிருந்தது. அது அவரை முழுசாகப் பிடித்துக்கொண்ட அடுத்த பத்து வருஷங்களில் என்ன கிடைத்தது? 1802-லேயே, கற்பனை வற்றிப் போயிற்றே என்று புலம்பி ஒரு கவிதை எழுதிவிட்டார். அபினிதான் கவிதையைக் கொடுத்தது என்றால், அதிக அபினி அதிகக் கவிதையை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

1816 ஏப்ரலில் கோல்ரிட்ஜ் ஒரு காரியம் செய்தார். லண்டனுக்கு அருகே ஹைகேட்டில் இருந்த ஜேம்ஸ் கில்மன் என்ற வைத்தியரின் வீட்டில் போய்த் தங்கினார். சில வாரம் இருந்து அளவைக் குறைத்துக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. 1834-ல் இறக்கிற வரையில், பதினெட்டு வருஷம், அங்கேயே இருந்துவிட்டார். கில்மன் தம்பதிகள் அவரைக் குடும்பத்தில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். மருந்து அளவாகக் கொடுக்கப்பட்டது. நடுநடுவே பக்கத்து மருந்துக் கடையில் அவர் ரகசியமாக வாங்கிக் குடித்ததும் உண்டு. அதற்காக யாரும் அவரைத் தெருவில் தள்ளிவிடவில்லை. அங்கிருந்தபடியேதான் அவருடைய முக்கியமான வசன நூல்களை வெளியிட்டார். அந்த வீட்டு மாடியில் அவர் பேச்சைக் கேட்க இளைஞர்கள் தேடி வந்தார்கள். பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. மனிதன் ஒழியாமல் தப்பினார். நல்ல வீடு ஒன்று எவ்வளவு செய்யும் என்பதற்கு அந்த ஹைகேட் வீட்டைச் சொல்லலாம்.

* * *

இனி வியன்னா. 1884-ல் அங்கே ஸிக்மண்ட் பிராய்டு என்ற இளம் வைத்தியர், கொக்கெய்ன் என்ற புதிய மருந்தைப் பற்றி உற்சாகமாக ஒரு கட்டுரை வெளியிட்டார். தாமும் சாப்பிட்டுப் பார்த்தார். மார்ஃபியாப் பழக்கத்தை அது போக்கிவிடும் என்றும் நம்பினார். அவருடைய அருமை நண்பர் எர்ன்ஸ்ட் பிளைஷ்லுக்குக் கட்டைவிரலை வெட்டி எடுத்ததிலிருந்து நரம்பு வலி தாங்க முடியாமல், மார்ஃபியா பழக்கமாகியிருந்தது. பிராய்டு அவருக்குக் கொக்கெய்ன் கொடுத்தார். பலன், பிளைஷ்லுக்கு ஒரு பழக்கத்துக்கு இரண்டு பழக்கம் ஆயிற்று. தோலின் மேல் பாம்பு ஊர்வதாகக் கண்டு அலறினார். 1891-ல், நாற்பத்தைந்து வயதில், இறந்தார்.

பிராய்டோ சுமார் பத்து வருஷ காலம் கொக்கெய்னை அவ்வப்போது உபயோகித்துவிட்டு, 1890-களின் மத்தியில் விட்டுவிட்டார். அதற்காகப் பெரிய போராட்டம் எதுவும் நடத்தியதாகத் தெரியவில்லை. அவரால் விட முடியாமல் போனது சுருட்டு! நாளைக்கு இருபது சுருட்டு. 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டது. தாடையில் முப்பதுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. பேச முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. சுருட்டை மட்டும் விட முடியவில்லை. மனித மனத்தின் பூட்டுகளையெல்லாம் திறந்து பார்த்தவர், சட்டம் அஞ்சுகிற மருந்தை உதறிவிட்டு, கடையில் விற்கிற சுருட்டிடம் தோற்றுப்போனார். எது கொடிய மருந்து, எது சாதுவான வஸ்து என்று நாம் போட்டு வைத்திருக்கிற ஜாபிதா, மனிதனுடைய உடம்புக்குத் தெரியாது போலிருக்கிறது.

அதே 1884-ல், கொக்கெய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று வியன்னாவின் இன்னொரு வைத்தியர் கார்ல் கோலர் கண்டுபிடித்தார். செய்தி நியூயார்க்குக்குப் போயிற்று. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற கெட்டிக்கார ரண சிகிச்சை வைத்தியர், அதை நரம்பில் ஊசி மூலம் ஏற்றினால் உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யலாமே என்று, தம் மீதும் தம் சகாக்கள் மீதும் சோதனை செய்தார். சோதனை வெற்றி. இன்று பல் பிடுங்கும்போது நமக்குப் போடுகிற ஊசி அந்தச் சோதனையின் வாரிசுதான். ஆனால் சோதனை செய்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். சிலர் மீளவே இல்லை. ஹால்ஸ்டெட் 1885-ல் எழுதிய கட்டுரை ஒன்று, தலையும் காலும் புரியாத உளறலாக அச்சில் இருக்கிறது. 1886-ல் பிராவிடென்ஸ் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கொக்கெய்னை விடுவதற்காக மார்ஃபியாவைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நிலையில் இருந்த மனிதரைப் பால்ட்டிமோருக்கு அழைத்துக்கொண்டார் அவருடைய நண்பர் வில்லியம் வெல்ச். 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹால்ஸ்டெட் ரண சிகிச்சைத் தலைவரானார். அதற்குப் பிறகு அவர் செய்தவை வைத்திய சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம். ரத்தப்போக்கை அடக்கி, திசுக்களை மென்மையாகக் கையாண்டு, அவசரமில்லாமல் அறுக்கிற முறையை உண்டாக்கினார். இளம் வைத்தியர்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துப் படிப்படியாகப் பயிற்றுகிற ஏற்பாட்டை வகுத்தார். கிருமிநாசினியால் கை வெந்துபோன நர்ஸ் காரொலைன் ஹாம்ப்டனுக்காக, மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரும்படி ஒரு ரப்பர் கம்பெனிக்கு எழுதினார். அந்தக் கையுறைதான் பிறகு உலகமெங்கும் பரவியது. 1890-ல் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். கதையில் நான் இப்படி எழுதினால் செயற்கை என்பார்கள்!

இவ்வளவு காலமும் மார்ஃபியா தொடர்ந்தது. அவருடைய சகாவான வில்லியம் ஆஸ்லர், ஆஸ்பத்திரியின் அந்தரங்க வரலாறு ஒன்றை எழுதிப் பூட்டி வைத்தார். அது 1969-ல்தான் வெளிவந்தது. நாளைக்கு மூன்று கிரெயின், அதாவது சுமார் 200 மில்லிகிராம், மார்ஃபியாவுக்குக் கீழே ஹால்ஸ்டெட்டால் இறங்க முடியவில்லை. ஆனால் அந்த அளவோடு வேலையைச் செவ்வனே செய்து வந்தார் என்று ஆஸ்லர் குறித்திருக்கிறார். 1922-ல், தம் வயது எழுபதை எட்டும் சமயம், ஹால்ஸ்டெட் காலமானார். இதனால் மார்ஃபியா நல்லது என்று ஆகாது. கலகலப்பான வாலிபராக இருந்தவர், ஒதுங்கிய, மர்மமான மனிதராக மாறினார். கோடையில் மாதக்கணக்கில் காணாமல் போவார். விலை கொடுக்காமல் இல்லை. ஆனால் பழக்கத்துக்கு ஆளானவன் எதற்கும் உதவமாட்டான் என்ற இரண்டாவது அபிப்பிராயம், அந்தக் கையுறையைப் பார்த்தால் தலைகுனிய வேண்டியதுதான்.

* * *

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு மிகவும் அதிகமாகப் பலியானவர்கள் அமெரிக்காவின் ஜாஸ் வித்வான்கள். சார்லி பார்க்கர் ஸாக்ஸபோன் வாசித்த வேகத்தையும் கற்பனையையும் கேட்டு, 1940-களில் இளைஞர்கள் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். அவர் ஹெராயின் உபயோகிக்கிறார் என்று தெரிந்தது. அப்படியானால் ரகசியம் அந்த ஊசியில்தான் இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிக்கொண்டார்கள். வாசிக்க வராதவனும் ஊசி போட்டுக்கொண்டான். பார்க்கரோ, தம்மைப் பார்த்து அதைப் பழகாதீர்கள் என்றே இளைஞர்களுக்குச் சொல்லி வந்தார். 1955 மார்ச் 12-ம் தேதி அவர் இறந்தபோது வயது முப்பத்துநான்கு. உடலைப் பார்த்த வைத்திய அதிகாரி ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

அவரைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவர் ஜான் கோல்ட்ரேன். அவருக்கும் அந்தப் பழக்கம் வந்தது. 1957-ல் மைல்ஸ் டேவிஸின் கோஷ்டியிலிருந்து அதற்காகவே வேலை போயிற்று. பிலடெல்பியாவில் தாயார் வீட்டுக்குப் போய், மனைவியின் துணையோடு, தண்ணீர் குடித்துக்கொண்டு அறைக்குள் கிடந்து, விட்டொழித்தார். அவருடைய பெயர் நிலைத்து நிற்கும் சங்கீதமெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 1965-ல் வெளிவந்த 'எ லவ் ஸுப்ரீம்' என்ற இசைத்தட்டு, தமக்கு விடுதலை கொடுத்த கடவுளுக்கு அவர் செலுத்திய காணிக்கை. நம் தேசத்துச் சங்கீதத்தில் ஆழ்ந்து ஈடுபட்டு, 1965-ல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தவர் அவர். அவரை வேலையிலிருந்து நீக்கிய மைல்ஸ் டேவிஸும் சில வருஷம் முன்னால் அதே ஹெராயினை விட்டவர்தான். அவர் புகழின் சிகரமான இசைத்தட்டு 1959-ல் வந்தது. மேதை மருந்தில் இருந்திருந்தால், மருந்தை விட்டதும் அது போயிருக்க வேண்டும். இங்கே திரும்பியல்லவா வந்திருக்கிறது!

இவர்கள் அசாதாரண மனிதர்கள், அதனால் மீண்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். சாதாரண மனிதர்களைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. வியட்நாம் யுத்தத்துக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அங்கே சுத்தமான ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. 1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப் போய் விசாரித்தார். ஐந்தில் ஒருவர், தாம் அங்கே அடிமையாகியிருந்ததாக ஒப்புக்கொண்டார். தேசமே நடுங்கிக்கொண்டிருந்தது, இத்தனை பேர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று. ஆனால் அடிமையாகியிருந்தவர்களிலும், திரும்பி வந்த முதல் வருஷத்தில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. காடும், பயமும், சலிப்பும் பின்னால் போயின. வீடும் வேலையும் முன்னால் வந்தன. ஹெராயின் உதிர்ந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி உதிரும் என்று சொல்லவில்லை. ஒரு முறை தொட்டவன் தொலைந்தான் என்பது விதியல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

* * *

நான்காவது அபிப்பிராயம் பாக்கி. அதற்கு மறுபடியும் பால்ட்டிமோருக்குப் போக வேண்டும்.

ஹால்ஸ்டெட் மார்ஃபியாவோடு கத்தி பிடித்துக்கொண்டிருந்த அதே நகரத்தில், அவருடைய கடைசி வருஷங்களில், ஏழை நீக்ரோக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். அவர் இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அவள்தான் பின்னால் பில்லி ஹாலிடே என்று பேர் பெற்ற பாடகி. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பு மனிதர்களைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் புரூட்' என்ற பாட்டை 1939-ல் பாடித் தேசத்தின் மனச்சாட்சியைக் குத்தியவர். அவருக்கும் ஹெராயின் பழக்கம் ஏற்பட்டது.

அதற்குள் சட்டம் மாறியிருந்தது. 1914-ல் நிறைவேறிய ஹாரிஸன் சட்டமும், அதற்கு நீதிமன்றங்கள் சொன்ன வியாக்கியானமும் சேர்ந்து, அடிமையானவருக்கு வைத்தியர் அளவாக மருந்து கொடுத்து வருவதையே குற்றமாக்கிவிட்டன. ஹைகேட் வீட்டைப் போன்ற ஒரு வீடு அமெரிக்காவில் சட்ட விரோதம் ஆகிவிட்டது. 1947-ல் ஹாலிடேயைக் கைது செய்து, ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை விதித்தார்கள். 1948 மார்ச்சில் வெளியே வந்த சில நாளில் கார்னகி ஹாலில் பாடினார். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால், மது விற்கும் இடங்களில் பாடுவதற்கு நியூயார்க் போலீசார் கொடுக்கும் அனுமதிச் சீட்டை அவருக்குத் திரும்பக் கொடுக்கவில்லை. ஜாஸ் பாடகிக்கு அந்த இடங்கள்தான் பிழைப்பு. ஆக, திருந்தி வந்தவளுக்குத் தொழில் இல்லை. பழைய சிநேகிதர்களும் பழைய மருந்தும் மட்டும் இருந்தன.

1959-ல் கல்லீரலும் இருதயமும் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜூன் மாதத்தில், ஹெராயின் வைத்திருந்ததாகச் சொல்லி, படுக்கையிலேயே அவரைக் கைது செய்து, அறை வாசலில் போலீஸ் காவல் போட்டார்கள். ஜூலை 17-ம் தேதி, நாற்பத்துநான்கு வயதில், காவலிலேயே இறந்தார். வங்கிக் கணக்கில் எழுபது சென்ட் இருந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் போதை மருந்து இலாகாவுக்குத் தலைவர் ஹாரி அன்ஸ்லிங்கர். 1930 முதல் 1962 வரை அந்தப் பதவியில் இருந்தவர். அடிமைகளுக்கு இரக்கம் காட்டக்கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். 1961-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவரே ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறார். செல்வாக்கு மிகுந்த காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவருக்கு மார்ஃபியாப் பழக்கம் இருந்தது. விஷயம் வெளியே வந்தால் தேசத்துக்கே அவமானம் என்று, ஒரு மருந்துக் கடையிலிருந்து அவருக்கு ஒழுங்காகக் கிடைக்க அன்ஸ்லிங்கரே ஏற்பாடு செய்தார். பெயரை அவர் சொல்லவில்லை. அவர் ஸெனட்டர் ஜோசப் மெக்கார்த்திதான் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். பெயர் யாராயிருந்தால் என்ன? அதிகாரிக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதுதான் முக்கியம். தண்டித்தால் திருந்துவார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தால், அந்தப் பெரிய மனிதரையும் தண்டித்துத் திருத்தியிருக்கலாமே! அவருக்கு வேண்டியவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது: சுத்தமான மருந்து, நிச்சயமான அளவு, மானத்தைக் காக்க ஒரு திரை.

வில்பர்போர்ஸை யாரும் ஏன் போதை அடிமை என்று சொல்வதில்லை என்று முன்பு கேட்டேன். விடை இதுதான். அவருக்குக் கொடுத்தது வைத்தியர், அவர் கனவான், அவர் காலத்தில் அது குற்றமில்லை. ஹால்ஸ்டெட்டுக்கு நண்பர்கள் இருந்தார்கள். ரகசியத்தை அரை நூற்றாண்டு பூட்டி வைத்தார்கள். கோல்ரிட்ஜுக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. ஹாலிடேக்குக் கிடைத்தது வாசலில் நின்ற போலீஸ்காரன். இவர்கள் ரத்தத்தில் ஓடியது ஒரே கசகசாச் செடியின் பாலிலிருந்து பிறந்த சரக்குத்தான். மற்றவையெல்லாம் மனிதர்கள் செய்தவை.

பிரசித்தமானவர்களின் வாழ்க்கையை வைத்துப் பொதுவான சட்டம் எதையும் நிலைநாட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். பிளைஷ்லும் பார்க்கரும் மாண்டது மாண்டதுதான். மருந்தை அற்பமாக எண்ணுகிறவன் முட்டாள். ஆனால், 'எப்போதும் இப்படித்தான்' என்று சாதிக்கிற அபிப்பிராயத்தை முறியடிக்க, அப்படி இல்லாத ஒரு மனிதன் போதும். இங்கே ஒருவருக்கு அரை டஜன் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஒரு பெரிய மனிதரைப் பற்றி அப்படிப்பட்ட செய்தி வரும். வராமல் இராது. எந்த மருந்து, எத்தனை நாளாக, யார் கொடுத்தது என்றெல்லாம் பத்திரிகை விவரமாகப் போடும். அவருக்கு என்ன வலி, எந்தக் குழந்தை செத்தது, போய்த் தங்க ஒரு வீடு இருக்கிறதா என்பதை மட்டும் போடாது. அதை நாம்தான் கேட்க வேண்டும். நம் தெருவிலேயே, புகழ் எதுவும் இல்லாத ஒருவரைப் பற்றி அந்தச் செய்தி வரும்போதும் கேட்க வேண்டும்.